தி ஹெக்டிக்ஸ்: ஹாஸ்டலில் ஆரம்பித்து ஹாஸ்டலிலேயே முடிந்த ஒரு பேண்ட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, படிக்க வசதியா கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்.)

போன வாரம் எபிசோட் போட்ட அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்துச்சு. காலேஜ்ல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வெச்சிருந்தோம். அதுல டிரம்ஸ் வாசிச்ச பையன் அனுப்பினது. ஆறு வருஷமா பிறந்தநாள் வாழ்த்து தவிர நாங்க எதுவும் பேசிக்கிட்டதில்ல. மெசேஜ் ஒரே வரிதான்: "மச்சி, நாம ஏன்டா நிறுத்தினோம்?"

எனக்கு அதுக்குப் பதில் தெரியும். ஆனா உடனே டைப் பண்ண முடியல. அதனால எப்பவும் பண்றதைப் பண்ணேன். வேற யாரோட கதையையாவது படிச்சா நம்ம கதை புரியுமான்னு தேட ஆரம்பிச்சேன். கிடைச்சது மகாராஷ்டிராவில் ஒரு மலை ஊர்ல, 1950களின் கடைசியில, அஞ்சு ஸ்கூல் பசங்க ஆரம்பிச்ச ஒரு கவர் பேண்ட். பேரு தி ஹெக்டிக்ஸ். மூணு, நாலு வருஷம்தான் இருந்துச்சு. சொந்தப் பாட்டுன்னு ரெக்கார்ட் எதுவும் போடல. ஆனா அது ஏன் உருவாச்சு, எப்படி வாசிச்சாங்க, ஏன் முடிஞ்சுதுன்னு பார்த்தா, உலகத்துல இருக்கிற பாதி காலேஜ் பேண்டுகளோட கதை அதுக்குள்ள இருக்கு.

அஞ்சு பேர் யார்?

ஊர் பாஞ்ச்கனி. புனேயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், சதாரா மாவட்டம். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே அங்க போர்டிங் ஸ்கூல்கள் அதிகம். நம்ம ஊட்டி மாதிரின்னு வெச்சுக்கோங்க. செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல் அதுல ஒண்ணு.

அந்த ஸ்கூலுக்கு எட்டு வயசுல ஒரு பார்சிப் பையன் வந்தான். ஃபாரூக் புல்சாரா. பிறந்தது 1946 செப்டம்பர் 5, ஆப்பிரிக்காவை ஒட்டின ஸான்ஸிபார் தீவுல. அப்பா அங்க பிரிட்டிஷ் அரசாங்கத்தில் கேஷியர். பையனைப் படிக்க வைக்கக் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. எட்டு வயசுப் பையன், அப்பா அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். ஸ்கூல்ல அவனோட பேரை ஃப்ரெடின்னு சுருக்கிட்டாங்க. பின்னாடி அவர்தான் ஃப்ரெடி மெர்க்குரி. குயின் பேண்ட், பொஹீமியன் ராப்ஸடி எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தயவுசெஞ்சு இப்போ ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பேரைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. ஏன்னா ஹெக்டிக்ஸ்ல அவர் ஸ்டார் இல்ல. லீட் சிங்கர் புரூஸ் மர்ரி. கிட்டார் டெரிக் பிராஞ்ச். பேஸ் ஃபராங் இரானி. டிரம்ஸ் விக்டரி ராணா, நேபாளத்துப் பையன். ஃப்ரெடி பியானோ வாசிச்சு, பின்னாடி சேர்ந்து பாடுவார். அவ்ளோதான். பேண்ட் ஆரம்பிக்கும்போது அவருக்கு வயசு 12.

பாட்டு எங்கிருந்து வந்துச்சு?

அந்த மலைக்கு மேல ராக் அண்ட் ரோல் எப்படிப் போச்சு? இதுல நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு: இலங்கை வானொலி.

நம்ம தாத்தா பாட்டிக்கு அது தமிழ்ப் பாட்டு. ஆனா ரேடியோ சிலோன்ல ஹிந்திச் சேவையும் இருந்துச்சு, ஆங்கிலச் சேவையும் இருந்துச்சு. 1952ல பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்குதுன்னு நினைச்சவர். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு காணாமப் போச்சு. கேட்கிறவங்க அப்படியே முள்ளைத் திருப்பி சிலோன் பக்கம் போயிட்டாங்க. அமீன் சயானியோட பினாக்கா கீத்மாலா வளர்ந்தது இப்படித்தான். 1957ல விவித பாரதி ஆரம்பிச்சதுக்கே இந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம். அதே சிலோன் ஸ்டேஷன்தான் மேற்கத்திய ஹிட் பாட்டுகளையும் இந்தியா முழுக்கக் கொண்டுபோச்சு.

கொழும்புப் பக்கமிருந்து பாஞ்ச்கனி வரைக்கும் எப்படிக் கேட்கும்? ஷார்ட் வேவ். இந்த அலைகள் மேல போய், அயனோஸ்பியர்னு சொல்ற மின்னூட்ட அடுக்கில் வளைஞ்சு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கீழ இறங்கும். அந்த அடுக்கு நேரத்துக்கு நேரம் மாறும். அதனாலதான் ஷார்ட் வேவ்ல பாட்டு அலை அலையா வந்து போகும். திடீர்னு தெளிவா இருக்கும், திடீர்னு இரைச்சல் முழுங்கிடும்.

இப்போ நினைச்சுப் பாருங்க. நான் காலேஜ்ல ஒரு கிட்டார் சோலோ கத்துக்க யூடியூப்ல வேகத்தைப் பாதியா குறைச்சு நாப்பது தடவை பார்த்தேன். இவங்களுக்கு ரீவைண்ட் கிடையாது. ரேடியோவுல பாட்டு ஒரு தடவை வரும், ரெண்டரை நிமிஷம், அதுலயும் பாதி இரைச்சல். அதுக்குள்ள எது பிடிபடுதோ அதுதான். ஃப்ரெடியோட கூடப் படிச்சவங்க பின்னாடி சொன்ன ஒரு விஷயம் எல்லா வாழ்க்கை வரலாறுகளிலும் இருக்கு: ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டுட்டு நேரா பியானோவுக்குப் போய் வாசிச்சுடுவாராம். ஹெட்மாஸ்டர் அதைக் கவனிச்சு, பையனுக்குத் தனியா பியானோ சொல்லிக் கொடுக்கலாம்னு வீட்டுக்கு லெட்டர் எழுதினார். கிரேட் 4 வரைக்கும் பாஸ் பண்ணியிருக்கார்.

பேண்டுக்குள்ள அவரோட முக்கியத்துவம் இதுதான். பாட்டை ரேடியோவிலிருந்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவர்ற ஆள். இன்னைக்கு எங்க டீம்ல டாக்குமென்டேஷனே இல்லாத பழைய சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்ற ஒருத்தர் இருப்பார்ல, அப்படி.

12 வயசுப் பசங்களால எப்படி வாசிக்க முடிஞ்சுது?

அவங்க வாசிச்சது லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டோமினோ, கிளிஃப் ரிச்சர்ட் மாதிரி ஆட்களோட பாட்டு. (கிளிஃப் ரிச்சர்ட் 1940ல லக்னோவில் பிறந்தவர். சொந்தப் பேரு ஹாரி வெப். 1948ல குடும்பம் இங்கிலாந்து போச்சு.)

அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகள் நிறைய, 12 பார் புளூஸ்ங்கிற ஒரே எலும்புக்கூட்டு மேல கட்டினது. மூணு கார்டுதான். நம்ம கணக்குல சொல்லணும்னா ச, ம, ப இந்த மூணு சுரத்து மேல நிக்கிற கார்டுகள். முதல் நாலு பார் ச. அடுத்த ரெண்டு ம. திரும்ப ரெண்டு பார் ச. அப்புறம் ஒரு பார் ப, ஒரு பார் ம, கடைசி ரெண்டு பார் ச. மொத்தம் 12. முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து.

இதைக் கத்துக்கிட்டா ஒரு பாட்டு இல்ல, அம்பது பாட்டு வந்துடும். வேகம் மாறும், மெட்டு மாறும், எலும்புக்கூடு மாறாது. ரேடியோ இரைச்சல்ல நடுவுல நாலு பார் காணாமப் போனாலும், அங்க என்ன இருந்திருக்கும்னு ஊகிக்கலாம். பெரிய வாத்தியப் பயிற்சி இல்லாத பசங்க உலகம் முழுக்க ஒரே நேரத்துல பேண்ட் ஆரம்பிச்சதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரெண்டாவது காரணம், அந்த ராக்ல பியானோவுக்கு முன் வரிசையில இடம் இருந்துச்சு. ராக்னா எலெக்ட்ரிக் கிட்டார்னு இப்போ நினைக்கிறோம். ஆனா லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டோமினோ, ஜெர்ரி லீ லூயிஸ் மூணு பேருமே பியானோக்காரங்க. ஸ்கூல்ல கிடைச்ச வாத்தியமும் பியானோதான். பொருந்திப் போச்சு.

மூணாவது, ஃபராங் இரானியோட பேஸ். அது கடையில வாங்கினது இல்ல, தேயிலைப் பெட்டி. பிளைவுட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவுல ஓட்டை போட்டு ஒரு கயிறு கட்டி, கயிறோட இன்னொரு முனையை ஒரு கம்பு மேல கட்டுவாங்க. கம்பைப் பின்னாடி சாய்ச்சா கயிறு இறுகும், சுருதி ஏறும். தளர்த்தினா இறங்கும். கீழ இருக்கிற பெட்டி சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். ஃபிரெட் கிடையாது, காதுதான் அளவு. 1950களின் நடுவுல இங்கிலாந்தில் லானி டோனிகன் கிளப்பிவிட்ட ஸ்கிஃபிள் அலையில இந்தப் பெட்டி பேஸ் எல்லாத் தெருவிலும் இருந்துச்சு. லிவர்பூல்ல ஜான் லெனன் ஆரம்பிச்ச குவாரிமென் பேண்டிலும் இதேதான்.

ஆக ஒரு ரேடியோ, மூணு கார்டு, ஸ்கூல் பியானோ, தேயிலைப் பெட்டி. ஹெக்டிக்ஸ் ரெடி. ஸ்கூல் விழாக்களில் வாசிச்சாங்க.

ஏன் முடிஞ்சுது?

சண்டை இல்ல, பணப் பிரச்சினை இல்ல. ஸ்கூல் முடிஞ்சுது, பேண்டும் முடிஞ்சுது.

இதைக் கொஞ்சம் உடைச்சுப் பார்க்கலாம். ஏன்னா லிவர்பூல்ல அதே சமயம் ஆரம்பிச்ச குவாரிமெனும் ஸ்கூல் பேண்ட்தான். குவாரி பேங்க் ஸ்கூல் பேரைத்தான் பேண்டுக்கு வெச்சாங்க, 1956ல. ஆரம்பிச்ச பசங்கள்ல லெனன் தவிர எல்லாரும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. ஆனா பேண்ட் சாகல. 1957 ஜூலை 6ல ஒரு சர்ச் விழாவில் பால் மெக்கார்ட்னியைச் சந்திச்சாங்க, அவர் சேர்ந்தார். அப்புறம் ஜார்ஜ் ஹாரிசன். ஆள் மாறி, பேர் மாறி, அது பீட்டில்ஸ் ஆச்சு.

வித்தியாசம் எங்க? திறமையில இல்லைன்னு நினைக்கிறேன். ஊர்ல. லிவர்பூல் பசங்க டே ஸ்காலர். ஸ்கூல் முடிஞ்சாலும் அதே தெரு, அதே பஸ். ஒருத்தன் போனா அடுத்தவனை அடுத்த தெருவில் தேடலாம். பாஞ்ச்கனி போர்டிங். பேண்டை உருவாக்கினதும் அதுதான், கலைச்சதும் அதுதான். ராத்திரி பகலா ஒண்ணா இருந்ததாலதான் 12 வயசுல ஒரு பேண்ட் சாத்தியமாச்சு. ஆனா கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் ஒருத்தன் காத்மாண்டு, ஒருத்தன் ஸான்ஸிபார்.

இன்னொண்ணும் இருக்கு. பியானோ ஸ்கூலோடது. ஹால் ஸ்கூலோடது. மேடை, கேட்கிற கூட்டம், வாசிக்கலாம்ங்கிற அனுமதி எல்லாம் ஸ்கூலோடது. பாட்டோ அடுத்தவங்களோடது. அப்போ பேண்டோட சொத்துன்னு என்ன? அஞ்சு பேர் ஒரே இடத்துல இருக்கிறது மட்டும்தான். கவர் பேண்டுகள் சீக்கிரம் செத்துப்போறதுக்கு என்னால சொல்ல முடிஞ்ச காரணம் இது. சொந்தப் பாட்டு ஒண்ணு இருந்தா, ஆள் பிரிஞ்ச பிறகும் அந்தப் பாட்டு அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரும். கவர் பேண்டுக்கு அப்படி ஒரு நங்கூரம் இல்ல.

அப்புறம் அஞ்சு பேரும்?

விக்டரி ராணா நேபாள ராணுவத்தில் சேர்ந்தார். லெப்டினன்ட் ஜெனரல் வரைக்கும் போனார். சைப்ரஸ் தீவுல கிரேக்க, துருக்கிய சைப்ரஸ்காரங்களுக்கு நடுவுல ஐ.நா. அமைதிப்படை நிக்குது இல்லையா, 1999லிருந்து 2001 வரைக்கும் அதுக்குத் தளபதி இந்த டிரம்மர்தான்.

டெரிக் பிராஞ்ச் இங்கிலாந்தில் நடிகர் ஆனார். 'ஒன்லி வென் ஐ லாஃப்' காமெடி சீரியல், 1984ல வந்த 'தி ஜூவல் இன் தி கிரவுன்', 1985ல வந்த 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' படம் எல்லாத்திலும் இருக்கார். ஃபராங் இரானி புனேயில் பவுன்ட்டி சிஸ்லர்ஸ்னு ரெஸ்டாரன்ட் நடத்தினார். தேயிலைப் பெட்டி பேஸ் வாசிச்சவர் கையால சிஸ்லர். புரூஸ் மர்ரியும் இங்கிலாந்து போனார். ஹெக்டிக்ஸ் பத்தி இன்னைக்கு நமக்குத் தெரியறதுல பெரிய பங்கு அவர் கொடுத்த பேட்டிகள்தான்.

ஃப்ரெடி 1963ல ஸான்ஸிபார் திரும்பினார். ஒரு வருஷம்கூட நிம்மதியா இருக்க முடியல. 1964 ஜனவரி 12ல அங்க புரட்சி. சுல்தான் ஆட்சி கவிழ்ந்துச்சு. அரபு, இந்திய வம்சாவளி மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டாங்க. புல்சாரா குடும்பம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இங்கிலாந்து வந்து, லண்டன் பக்கத்துல ஃபெல்தம்ல குடியேறினாங்க. ஒரு தற்செயல்: விக்டரி ராணா பின்னாடி தலைமை தாங்கின அந்த சைப்ரஸ் அமைதிப்படையை ஐ.நா. அமைச்சதும் அதே 1964 மார்ச்லதான்.

அப்புறம் ஆர்ட் காலேஜ். ஃப்ரெடி அடுத்து ஒரு பேண்ட்ல சேர்ந்தது 1969ல, ஐபெக்ஸ். அது ரெக்கேஜ்னு பேர் மாறிச்சு, கலைஞ்சுது. அப்புறம் சோர் மில்க் ஸீ, அதுவும் கலைஞ்சுது. 1970லதான் குயின். அதாவது ஹெக்டிக்ஸுக்கும் அடுத்த பேண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஏழு வருஷம் சும்மா இருந்திருக்கார். அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்துக்குள்ள ரெண்டு, மூணு பேண்டுகள் உடைஞ்சிருக்கு.

இதிலிருந்து எதை எடுத்துக்கக் கூடாது

"பார்த்தீங்களா, சின்ன பேண்ட்ல ஆரம்பிச்சு உலகப் புகழ்" அப்படின்னு முடிச்சா இந்த எபிசோட் நல்லா ஷேர் ஆகும். ஆனா அது தப்புக் கணக்கு. திரும்பி வந்த விமானங்களை மட்டும் எண்ணி முடிவு சொல்ற மாதிரி. அதே வருஷங்கள்ல இந்தியாவிலேயே எத்தனை ஹாஸ்டல்ல எத்தனை பசங்க தேயிலைப் பெட்டி தட்டியிருப்பாங்க? அவங்க பேர் நமக்குத் தெரியாது. ஹெக்டிக்ஸ்லயே அஞ்சுல நாலு பேர் அந்த அளவுக்கு இசைப் புகழுக்கு வரல. ஒரு தளபதி, ஒரு நடிகர், ஒரு ரெஸ்டாரன்ட்காரர். அவங்களுக்கு அந்த பேண்ட் வீணாப் போச்சா? அப்படி யாரும் சொல்ல முடியாது.

ஆனா ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. 1986 ஜூலையில லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல குயின் ரெண்டு ராத்திரி வாசிச்சாங்க. எழுபதாயிரம் பேர் மாதிரி கூட்டம். அவங்ககிட்ட சொந்தமா அத்தனை ஹிட் இருக்கு. நடுவுல எல்லாரும் மேடையோட முன்பக்கம் வந்து, கிட்டத்தட்ட ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ற மாதிரி நெருங்கி நின்னு, சில பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை வாசிச்சாங்க. அதுல ஒண்ணு லிட்டில் ரிச்சர்டோட 'டுட்டி ஃப்ருட்டி'. ரெக்கார்டிங் இருக்கு, கேளுங்க. 39 வயசு ஆள், இன்னும் கவர் வாசிக்கிறார். ஃப்ரெடி குயின் கூட மேடையேறினது அந்த டூரோட சரி. 1991 நவம்பர் 24ல இறந்துட்டார்.

என் பதில்

இப்போ அந்த வாட்ஸ்அப் மெசேஜ்.

எங்க பேண்டுக்கு ஆயுசு ஒன்றரை வருஷம். டிரம் செட் காலேஜோடது, ரூம் சாவி ஒரு சார்கிட்ட. ஒரே ஒரு கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சோம். மூணு பாட்டு தயார் பண்ணி, ரெண்டாவது பாட்டு நடுவுல டைம் முடிஞ்சுதுன்னு மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. மேல சொன்ன காரணம் எல்லாமே எங்களுக்கும் பொருந்தும். இடம் எங்களோடது இல்ல, வாத்தியம் எங்களோடது இல்ல, பாட்டும் எங்களோடது இல்ல.

அதனால "எல்லா பேண்டும் இப்படித்தான்டா முடியும்"னு அனுப்பிடலாம்னு நினைச்சேன். டைப்பும் பண்ணிட்டேன். அப்புறம் அழிச்சுட்டேன். ஏன்னா அது உண்மை இல்ல. எங்க பேண்ட் காலேஜ் முடிஞ்சப்போ முடியல. அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே முடிஞ்சுது. நாலு பேர்ல எனக்குத்தான் முதல்ல பிளேஸ்மென்ட் வந்துச்சு. ஆஃபர் வந்த வாரத்திலிருந்து நான் பிராக்டிஸுக்குப் போகல. வரலைன்னு சொல்லவும் இல்ல. மத்த மூணு பேரும் ரெண்டு வாரம் அந்த ரூம் வாசல்ல காத்திருந்துட்டுப் போனாங்கன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. அப்போ வேலை கிடைக்காம இருந்தது எங்க டிரம்மருக்குத்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் உண்மையான காரணம்.

ஹெக்டிக்ஸைக் கலைச்சது ஊரும் கடலும். எங்களைக் கலைச்சது நான்.

இதை நேத்து ராத்திரி அவனுக்கு அப்படியே எழுதி அனுப்பிட்டேன். எபிசோட்ல சொல்லலாமான்னும் கேட்டேன். காலையில பதில் வந்துச்சு: "தெரியும்டா. சும்மா நீ சொல்றியான்னு பார்த்தேன். பேசிக்கோ." கீழ இன்னொரு மெசேஜ்: "அந்த மூணாவது பாட்டு ஞாபகம் இருக்கா?"

இருக்கு. விரல் மறந்திருக்கலாம், கார்டு மூணும் ஞாபகம் இருக்கு. இந்த மாசக் கடைசியில நான் அவன் ஊருக்குப் போறேன். மத்த ரெண்டு பேர்ல ஒருத்தன் துபாய்ல இருக்கான், இன்னொருத்தன் வரேன்னு சொல்லியிருக்கான்.

உங்களுக்கும் இப்படி ஒரு பேண்ட் இருந்திருந்தா, அது ஏன் நின்னுச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.